பாலத்துக்கு அந்தப் பக்கம்

பாலம் மூழ்கியது செவ்வாய்க்கிழமை விடியலில்.
என் மருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம்.

முன்பெல்லாம் தண்ணீருக்கு மாதம் தெரியும்.
தீபாவளி முடிந்து, பள்ளி விடுமுறை விட்டபின்தான்
செம்பனை வரிசைக்குள் நடந்து வரும்.
இது மே மாதம்.
போன வாரம்வரை குழாயில் காற்றுதான் வந்தது.
குலை அறுக்கப் போன மூன்று பேர்
வெயிலில் மரத்தடியிலேயே சாய்ந்தார்கள்.
"ராத்திரி ஊத்தினது வேலை காட்டுது" என்றார் மண்டோர்.
அந்த மரத்தடியில் இன்று
இடுப்பளவு ஓடுகிறது.

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நாற்பத்தொரு குடும்பம்.
பதிவேட்டோடு ஒரு பெண் பாய் பாயாக வந்தாள்.
சர்க்கரை உண்டா? ரத்த அழுத்தம்?
ஆஸ்துமா? கைக்குழந்தை?
இல்லை இல்லை என்றேன்.
அவள் பட்டியலில் நான் இல்லை.
இருந்திருந்தாலும்,
பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருக்க
சொல்லியிருப்பேனா?

தூளை விட்டு நாலு வருடம்.
தினமும் ஏழரைக்கு
கிளினிக்கின் பக்கவாட்டுச் சன்னல்,
ஆரஞ்சு ரசம் கலந்த சின்னக் குவளை.
விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும்,
பால் பற்கள் எண்ணப்படும் பிள்ளையைப்போல.
அப்புறம்தான் எனக்கு நாள் தொடங்கும்.

முதலில் கொட்டாவி.
பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர்.
பிறகு, கால்கள் என்னை விட்டுத் தனியே
எங்கோ நடக்கப் பார்க்கும்.
எலிக்காய்ச்சல் என்று பயந்து
இன்னொரு போர்வை தந்தார்கள்.
மைலோ தந்தார்கள். வாந்தி எடுத்தேன்.
சுவரில் பன்னிரண்டாம் வாய்ப்பாடுவரை ஒட்டியிருந்தது.
எனக்கு வேண்டியது இருபத்து நாலாம் வாய்ப்பாடு:
ஓர் இருபத்து நாலு, ஈர் இருபத்து நாலு,
மூன்றாவதைச் சொல்ல
பல் ஒன்றோடொன்று நிற்கவில்லை.

நாலு பாய் தள்ளி ரெங்கையா.
சம்சு விற்கும் பலகைக் கடை
முதல் நாளே ஆற்றோடு போயிருந்தது.
புதன்கிழமை அவர் கை, தேநீரைத்
தரைக்கே ஊற்றிக் கொடுத்தது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
"மழை வந்து இவனைத் திருத்திடுச்சு" என்றாள் அவர் மனைவி.
அவளும் சிரித்தாள், பாவம்.
வியாழன் இரவு
மின்விசிறியில் குலை பழுத்துத் தொங்குகிறதென்று
இல்லாத அரிவாளை உயர்த்தி உயர்த்தி
அறுத்துக்கொண்டிருந்தார்.
விடியுமுன் விறைத்து விழுந்தார்.

பொம்பா படகில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம்.
மனைவி ஈசியைத் தேடிப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
"யார் சொந்தம்?"
"தம்பி" என்று நான் ஏறிவிட்டேன்.
தலையை மடியில் வைத்துக்கொண்டேன்,
அதுவும் உண்மை.
செம்பனை உச்சிகளுக்கு நடுவே போகும்போது
கண் அவர் முகத்தில் இல்லை,
அக்கரையில் இருந்தது,
அதுவும் உண்மை.

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது.
நான் கிளினிக்குக்கு ஓடினேன்.
சன்னல் திறந்திருந்தது.
மிஸ்ஸி ரொஸ்லினா மேசைமேலேயே தூங்கியிருக்கிறாள்,
கன்னத்தில் கோப்பின் தடம்.
"நாள் விட்டுப்போச்சு, முழுசாகத் தர முடியாது. பாதிதான்."
பாதியைக் குடித்தேன்.
கேட்காமலே வாயைத் திறந்து காட்டினேன்.

கால்கள் திரும்பக் கிடைத்தபின்
மருத்துவமனைக்கு நடந்தேன்.
தாளோடு நின்றவர் நம்ம ஆள்.
"உங்க அண்ணனுக்கு எதனால இப்படி?"
"தண்ணியால."
தெரிந்த கதைதான் என்பதுபோல்
தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.
எந்தத் தண்ணி என்று அவர் கேட்கவில்லை.

வெளியே வெயில் ஏறிவிட்டது, முதுகைச் சுடும் வெயில்.
நாளைக்கு ஏழரைக்கு வர வேண்டும்.
எந்தக் கரையிலிருந்து என்று தெரியாமல்
படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் ரெங்கையாவின்
ஒற்றை ரப்பர் காலணி.